இந்த முகவரியில் இல்லை

எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில், ஹீட்டரின் சூடான காற்று வருவதற்கு ஒரு துவாரம் இருக்கிறது. அதே குழாய்தான் கீழே, நிலத்துக்கடியில் இருக்கும் பேஸ்மென்றுக்கும் போகிறது. அதன் வழியே காற்று மட்டுமல்ல, பேச்சும் போகும். கீழே அண்ணை இருமினால் மேலே தேநீர்க் கோப்பையோடு நிற்கும் எனக்குக் கேட்கும். நான் கத்தினால் அவருக்கும் கேட்கும் என்பதை மட்டும் ஏனோ ஒருநாளும் யோசித்ததில்லை.

அண்ணை என்று நான் சொல்வது உடன்பிறந்தவரை அல்ல. எங்கள் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தவரை. அறுபதைத் தாண்டிய தனி ஆள். பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை. முன்பு நகரத்தின் மறுகோடியில் ரெக்ஸ்டேலில் இருந்தவர், வேலை எங்கள் ஸ்காபரோப் பக்கம் மாறியதும் எங்களிடம் வந்தார். அகதி வழக்கு இழுபட்டு, அப்பீல், மறு அப்பீல் என்று அலைந்து, குடியுரிமை கையில் கிடைத்தபோது அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

வந்த அன்றே நான் ஒரு நிபந்தனை போட்டேன். "அண்ணை, உங்கட கடிதம் ஒண்டும் இந்த அட்ரஸுக்கு வரக்கூடாது."

பேஸ்மென்றை வாடகைக்கு விடுவதை நான் நகரசபையில் பதியவில்லை; கடிதம் வந்தால் பிடிபடுவேன் என்று பயம். எங்கள் தெருவில் பலரும் அப்படித்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "ஓம் தம்பி, அதுக்கென்ன" என்றார். வங்கிக் கடிதம் முதற்கொண்டு எல்லாமே பக்கத்து ஊரான விட்பியில் இருக்கும் அவருடைய அக்காவின் மகள் வீட்டுக்குப் போயின.

இனி என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் மிச்சிகனில் இருக்கிறாள். அமெரிக்கத் தேர்தல் முடிந்து, வாக்குகளை எண்ணி முடித்த பிறகும் சண்டை ஓயாமல் கிடந்த அந்தக் குளிர்காலத்தில், ஒவ்வொரு ஞாயிறு காலையும் போனில் எங்களுக்குள் இதே சண்டைதான். தேர்தலே களவு போய்விட்டது என்பது அவள் கட்சி.

"எல்லாம் கள்ளம் அண்ணா. இனி நான் வோட்டுப் போடப் போறேல்லை."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றுதான் கத்துவேன். "ஆர் உன்ர வோட்டைக் களவெடுத்தது? நீ கண்ணால கண்டனியோ? சந்தேகமெண்டா வோட்டுப் போடுற இடத்தில, அந்த மேசையில போய் ஒரு நாள் வேலை செய். வேலைக்கு ஆக்கள் காணாதெண்டு கேக்கிறாங்கள்தானே? பாத்திட்டு வந்து சொல்லு. வீட்டுக்குள்ள இருந்து கள்ளம் கள்ளமெண்டு கத்துறதுக்கு உனக்கு என்னத்துக்கு சிற்றிசன்?"

"மெல்லமாக் கதையுங்கோ. மிச்சிகனுக்குப் போன் இல்லாமலே கேக்கும்" என்பாள் மனைவி. மிச்சிகன் தூரம். கேட்டது கீழே இருந்தவருக்கு.

ஒருநாள் நானும் அண்ணையும் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது அவர் பனி அள்ளும் சவளை ஊன்றிக்கொண்டு நின்றார். "தம்பி, தங்கச்சிக்கு நீங்கள் சொல்லுறது நல்ல கதை. நான் கீழ இருந்து கேக்கிறனான்" என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது. பிறகு தன் கதையைச் சொன்னார். ஊரில் ஒரே ஒரு தடவைதான் வோட்டுப் போடப் போயிருக்கிறார். வெயிலில் வரிசையில் நின்று மேசைக்குப் போனால், "உங்கட வோட்டு விடியவே போட்டாச்சு" என்றார்களாம். அதன்பின் தேர்தல் பகிஷ்கரிப்பு, போரில் இடப்பெயர்வு, இந்த நாட்டுக்குக் கப்பல், அகதி வழக்கு. இத்தனை வயதுக்கும் அவர் ஒரு வோட்டுப் போட்டதில்லை.

"இஞ்ச அடுத்த எலெக்சனுக்குப் போடுவன்" என்றார். பல வருசம் கழித்து ஊருக்குப் போய் வரப்போகிறேன் என்று சொல்பவரின் குரல் அது.

அடுத்த செப்டெம்பரில் இங்கே நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. "வாங்கோ அண்ணை, என்ர காரில ஒண்டாப் போவம்" என்று கூப்பிட்டவன் நான்தான். அவர் வேலைக்கு லீவு எடுத்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, முகக்கவசம், கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் குடியுரிமைப் பத்திரமும் ஹெல்த் கார்ட்டும் இருந்தன.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில்தான் வாக்களிப்பு. மேசையில் ஹிஜாப் அணிந்த ஓர் இளம்பெண் இருந்தாள். பட்டியலில் அண்ணையின் பெயர் இல்லை. அதற்கு வழி உண்டு, முகவரி உள்ள ஏதாவது கடிதம் இருக்கிறதா என்று கேட்டாள். அவரிடம் எப்படி இருக்கும்? அந்த முகவரிக்கு ஒரு கடிதம்கூட வரக்கூடாது என்று சொன்னவன் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

அந்தப் பெண் சலிக்கவில்லை. இதே சாவடியில் வாக்குள்ள, இவரை அறிந்த ஒருவர், இவர் இன்ன முகவரியில் இருக்கிறார் என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட்டாலும் போதும் என்று சொல்லி ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். அண்ணைக்கு விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்தன. "ஹீ நோ மீ. சேம் ஹவுஸ்" என்றார் அவளிடம். என்னிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஞாயிறு தோறும் என் பேச்சைக் கேட்டவர் அல்லவா?

அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். "இவர் உங்கள் முகவரியில்தான் இருக்கிறாரா?"

படிவத்தில் முகவரி எழுதும் கட்டத்தைப் பார்த்தேன். அரசாங்கக் கடதாசி. அதில் என் வீட்டு இலக்கம், அண்ணையின் பெயர், என் கையெழுத்து. நகரசபை இன்ஸ்பெக்டர் பேஸ்மென்ற் படியில் இறங்குவது என் கண்ணுக்குள் தெரிந்தது. வோட்டுக் கணக்கெடுப்பவர்களுக்கும் வீடு சோதிப்பவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இன்று தெரியும். அன்றும் கொஞ்சம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கள் ஆட்களுக்குக் கையெழுத்து என்றாலே பயம். ஆனால் அதை ஒரு சாட்டாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லை" என்றேன், ஆங்கிலத்தில், நல்ல தெளிவாக. "ஆளைத் தெரியும். ஆனால் இவர் இந்த முகவரியில் இல்லை."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அண்ணைதான் முந்திக்கொண்டார். "சொறி, சொறி. மை மிஸ்ரேக்" என்று பத்திரங்களை உறைக்குள் போட்டார். அவசரத்தில் ஹெல்த் கார்ட் கீழே விழுந்தது. குனிந்து தானே எடுத்துக்கொண்டார்.

நான் வோட்டுப் போட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். மறைப்புக்குப் பின்னால் போய், பென்சிலால் கீறி, மடித்து, பெட்டியில் போட்டேன். அண்ணை வாசலில், கூடைப்பந்துகள் அடுக்கிய தட்டுக்குப் பக்கத்தில், உறையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

காரில் அவர்தான் பேசினார். "அந்தப் பிள்ளை வடிவா விளங்கப்படுத்தினது, என்ன?" என்றார். கொஞ்சத் தூரம் போனபின், "உங்களுக்கும் குடும்பம் இருக்குத்தானே தம்பி" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஊரில் தன் வோட்டை எடுத்தவன் யாரென்று அவருக்குத் தெரியாது. இந்த முறை எடுத்தவனுடைய காரில், அவனுக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்து வீட்டுக்கு வந்தார். இறங்கும்போது வழக்கம்போல் "தாங்ஸ்" சொன்னார்.

அதன்பின் ஞாயிறுகளில் நான் தேர்தலைப் பற்றி வாய் திறக்கவில்லை. கீழே இருமல் கேட்டால், அது காதில் விழாதிருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

நவம்பரில் தங்கச்சி போன் எடுத்தாள். அவளுடைய ஊரில் ஏதோ சிறிய தேர்தலாம். "அண்ணா, நீங்கள் சொன்னபடியால்தான் போனனான்" என்றாள். காலை முதல் மாலைவரை அந்த மேசையில் இருந்திருக்கிறாள். "ஒரு வயசான மனுசியின்ர பேர் லிஸ்ற்றில இல்லை. நாங்கள் அவவைத் திருப்பி அனுப்பேல்லை. முக்கால் மணித்தியாலம் நிண்டு, அங்க இஞ்ச போன் பண்ணி, கடைசியாப் போட வச்சனாங்கள். போகேக்க என்ர கையைப் பிடிச்சிட்டு அழுதவ. இனி நான் கள்ளமெண்டு சொல்ல மாட்டன் அண்ணா."

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. கீழே ஒரு சத்தமும் இல்லை. "நல்லது" என்று மட்டும் சொன்னேன்.  போனை வைத்துவிட்டு நேரே படியிறங்கிப் போனேன்.

அண்ணை சோற்றுக் கோப்பையோடு இருந்தார். "அண்ணை, இனி எல்லாத்துக்கும் இந்த வீட்டு அட்ரஸைக் குடுங்கோ. வோட்டுக்கும் பதியுங்கோ" என்றேன்.

"பிரச்சினை வந்தா?"

"வந்தா வரட்டும். நான் அண்டைக்குச் செய்தது பெரிய பிழை."

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். "ஒரு துண்டில எழுதித் தருவியளோ தம்பி?" என்றார். மெல்லமாக, கூச்சத்தோடுதான் கேட்டார். வீட்டுக்கு வந்த நாளில் ஒரு கடதாசியும் கேட்காத மனிதர். என் வாய்ச்சொல்லை நம்பிச் சட்டைக்கு அயர்ன் பண்ணிக்கொண்டு வோட்டுப் போட வந்தவர். இவர் என் வீட்டில் வசிக்கிறார் என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு உறைக்குள் வைத்தார்.

ஜனவரிக்குள் அவருடைய கடிதங்கள் எங்கள் தபால்பெட்டிக்கு வரத் தொடங்கின. பதிவும் செய்துவிட்டதாகச் சொன்னார். இன்றுவரை எந்த இன்ஸ்பெக்டரும் வரவில்லை. பெப்ரவரியில் வேலைத்தலத்தில் அண்ணைக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து, அங்கேயே காலமானார். விட்பியில் இருந்து அக்காவின் மகள் வந்து சாமான்களை எடுத்துப்போனாள்; இரண்டு பைகளுக்குள் எல்லாம் அடங்கிவிட்டன.

ஜூன் தொடக்கத்தில் மாகாணத் தேர்தல். மே மாதமே எங்கள் தபால்பெட்டியில் வாக்காளர் அட்டைகள் மூன்று கிடந்தன. ஒன்று எனக்கு, ஒன்று மனைவிக்கு. மூன்றாவதில் அண்ணையின் முழுப்பெயர், எழுத்துப் பிழை இல்லாமல், அதன் கீழே எங்கள் வீட்டு இலக்கம். வாக்களிக்கும் இடம் அதே பள்ளிக்கூடம்.

"அதில எழுதித் திருப்பிப் போட்டுவிடுங்கோ" என்றாள் மனைவி.

இரண்டு நாள் மேசையில் வைத்திருந்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். இவர் இந்த முகவரியில் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். இந்த முறை அது உண்மை. முதல் தடவை நான் அதைச் சொன்னபோது அவர் என் பக்கத்தில் நின்றிருந்தார்.