காலியாக விட்ட ஒரு வரி

எங்கள் பார் கவுன்சில் அலுவலகத்தில் தபால் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ஸ்கேல் அக்கா என்போம். தினமும் சாயங்காலம் கடைசித் தபாலுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் கைப்பையைத் தொடுவார். இருபத்தொன்பது வருஷமாக இதே கூத்து.

"பஸ் போயிடும்க்கா, கோடு எங்க ஓடிடப் போகுது?" என்று கிண்டல் செய்வேன்.

"காலியா விட்டா கழுதை வந்து மேயும்டா," என்பார்.

கடைவாய்ப் பல் பிடுங்க அக்கா இரண்டு நாள் லீவு போட்டார். அவர் இடத்தில் நான். முதல் நாள் சாயங்காலம் பக்கத்தின் அடியில் ஒரு வரி மிச்சம். கோடாவது மண்ணாங்கட்டியாவது என்று மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் முதல் தபால், ஒரு அம்மா கையோடு கொண்டுவந்த தீர்ப்பு நகல். அரசு வக்கீலாக இருந்த ஒரு பெரிய மனுஷனுக்குத் தண்டனை. பெரிய மனுஷனாம், தூ! லஞ்சம் வாங்கிக்கொண்டு ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை வழக்குக் கட்டிலிருந்து உருவி ஒளித்தவன். அதனால் செய்யாத குற்றத்துக்கு இந்த அம்மாவின் மகன் நாலு வருஷம் சிறையில் கிடந்தான். இவனோ தண்டனை விழுந்த அன்றே மேல்முறையீடு, ஜாமீன் என்று வீட்டுக்குப் போய்விட்டான்.

"தம்பி, அவன் இனிமே அந்தக் கறுப்பு அங்கியை மாட்டவே கூடாது. எனக்கு அது போதும்," என்றார் அந்த அம்மா.

"நகல் வந்துடுச்சில்லம்மா, பேரை அடிச்சிடுவாங்க," என்று வாய் கூசாமல் சொன்னேன்.

எங்கள் விதியில் ஒரு சந்து உண்டு. தண்டனை விவரம் வந்து சேருமுன் ஒருவர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. ‘தாமாக விலகினார்’ என்று மரியாதையாக எழுதுவார்கள். ஊர் மறந்த பிறகு திரும்ப வந்து சேர்ந்துகொள்ளலாம்.

அடுத்த வாரம் எங்கள் கவுன்சில் செயலாளர் ஒரு கடிதத்தோடு அக்காவின் மேசைக்கே வந்தார். அந்த அரசு வக்கீலின் விலகல் கடிதம். தேதி, நான் கோடு போடாமல் போன அந்த நாள்.

"அங்க ஒரு வரி காலியா இருக்காமேம்மா. இதை அதுல ஏத்திடுங்க. பாவம், குடும்பஸ்தன்."

அது நான் விட்ட வரி; அந்த அம்மாவின் நகல் வந்ததற்கு முந்தின நாள்.

அக்கா கடிதத்தைத் திருப்பினார். கடைசிப் பக்கத்தில் வக்கீல் சேமநல ஸ்டாம்ப். எந்த மனுவிலும் அதை ஒட்டியே பழகிய கை, அது தேவைப்படாத விலகல் கடிதத்திலும் ஒட்டித் தொலைத்திருக்கிறது. அதன் மேல் ஸ்டாம்ப் விற்றவரின் முத்திரை, நேற்றைய தேதியோடு.

"போன வாரம் குடுத்த கடிதத்துல நேத்து வாங்கின ஸ்டாம்ப் எப்படிய்யா வந்துச்சு?"

செயலாளர் முகத்தில் துளி வெட்கமாவது வர வேண்டுமே! "அதைப் பிச்சுட்டு ஏத்துங்கம்மா," என்றார். இவர்களெல்லாம் சட்டம் படித்தவர்கள்!

அக்கா தேதி முத்திரையை எடுத்து, அந்த ஸ்டாம்பின் மேலேயே அன்றைய தேதியை ஓங்கிக் குத்தினார். அன்றைய பக்கத்திலேயே பதிந்தார். பிறகு பழைய பக்கத்தைப் புரட்டி என் முன்னால் தள்ளினார்.

"நீ விட்ட வரி. நீயே கோடு போடு. இன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்தும் போடு."

ஸ்கேலை வாங்கிப் போட்டேன்.

"ரிட்டயர் ஆகற நேரத்துல உங்களுக்கு ஏம்மா இந்த வேண்டாத வேலை?" என்றபடி செயலாளர் போனார். மறுநாளே அக்காவைப் பழைய கட்டுகள் கிடக்கும் அறைக்குத் தூக்கிப் போட்டார்கள்.

பதிவேட்டை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒழுங்குக் குழு வேறு வழியில்லாமல் அவன் பெயரை நீக்கியது. அப்போதும் அவனுடைய ‘நெடுங்காலச் சேவை’யைப் புகழ்ந்துவிட்டுத்தான் நீக்கினார்கள், மானங்கெட்டவர்கள்.

அந்த அம்மாவை அக்காவிடம் அழைத்துப் போனேன். அக்கா வக்கீல்கள் பட்டியலை விரித்துக் காட்டினார். அவன் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

"இனிமே அங்கி மாட்ட மாட்டான்ல?"

"மாட்டான்மா."

அந்த அம்மா கோட்டின் மேல் விரலால் தடவிப் பார்த்தார். "எம்புள்ள இன்னும் கதவைத் தானாத் திறக்க மாட்டேங்கறான். யாராவது வந்து திறப்பாங்கன்னு நிக்கறான். அந்த ஆளுக்கு இந்த ஒரு கோடுதானா?"

அக்கா எழுந்து, தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார்.