மேல் வரியா, கீழ் வரியா

என் தம்பி பிடிவாதக்காரன். பத்தொன்பது வயதில் பார்வை போனது, பிடிவாதம் மட்டும் போகவில்லை. பதினோரு வருடமாக ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கிறான். திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டரே அவனுக்கு வாசித்துச் சொல்லும். அந்தக் கம்ப்யூட்டர் செவ்வாய்க்கிழமை புகைந்து உயிரை விட்டது. உள்ளே இருந்த டிஸ்க் மட்டும் தப்பியது. ஆறு வாரம் தட்டச்சு செய்த வேலை அதில்தான் இருந்தது, வேறெங்கும் பிரதி இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் கொடுக்காவிட்டால் வேலை கொடுத்த அலுவலகம் இனி இவனைக் கூப்பிடாது.

கடையில் கொடுடா என்றால் கேட்டானா? பாகங்களை வரவழைத்து, விரலால் தடவித் தடவித் திருகி, வெள்ளிக்கிழமை காலைக்குள் புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டான். இப்படி அவன் கட்டுவது இது நாலாவது. பழைய டிஸ்க்கையும் அதிலேயே மாட்டினான். ஆனால் சிஸ்டம் ஏற்றி முடியும்வரை அது வாய் திறக்காது. அதுவரை யாராவது திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தையல் வேலையை அப்படியே போட்டுவிட்டு நான் போனேன்.

சிஸ்டம் ஏற்றுவது முதல் தடவை பாதியில் நின்றது.

"டிஸ்க் லிஸ்ட்ல எத்தனை வரி இருக்கு?"

"ஒண்ணுதான்."

"அப்ப இன்னொண்ணு சரியா உக்காரல."

மின்சாரத்தை அணைத்து, மூடியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு அழுத்தினான். மறுபடி முதலிலிருந்து. மணி இரண்டு ஆகிவிட்டது.

இப்போது இரண்டு வரி வந்தது. ஒன்று பழைய டிஸ்க். மற்றது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதில் யாரோ போட்டு வைத்திருந்ததை அழித்துவிட்டுத்தான் சிஸ்டம் ஏற்ற வேண்டும்.

"பழசு ஐநூறு ஜிபி, வாங்கினது ஆயிரம். எது மேல இருக்கு, அக்கா?"

எண்கள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. ஆறு மாதமாக ஊசியில் நூல் கோர்க்கவே மகளைக் கூப்பிடுகிறேன், கண்ணாடி போட மட்டும் வீம்பு. அவனிடம் போய் எனக்குக் கண் மங்குகிறது என்று எந்த வாயால் சொல்வது? காலையிலிருந்தே பாதியை ஊகித்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மேல இருக்கறதுதான் ஆயிரம்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்டா! சும்மா நொய்நொய்னு..."

மேல் வரியைத் தேர்ந்தெடுத்து டெலிட்டுக்கு வந்தான். நிஜமாகவே அழிக்கவா என்று கேட்டு ஒரு பெட்டி வந்தது. பாழாய்ப் போன அந்த எழுத்து மட்டும் பெரிதாக, நன்றாகத் தெரிந்தது. அவன் விரல் என்டர் மேல் போனது.

"எடுடா கைய!" மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். "எனக்குத் தெரியலடா. சின்ன எழுத்து எதுவுமே தெரியல. குத்துமதிப்பாத்தான் சொன்னேன்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மின்சாரத்தை அணைத்தான். எந்த ஒயர் எதற்கென்று அவன் விரலுக்குத் தெரியும். பழைய டிஸ்க்கை உருவி எடுத்து என் மடியில் வைத்தான். அரை நிமிட வேலை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இவ்ளோ சுலபம்னா காலையிலேயே கழட்டித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே?"

"மத்தவங்க பாத்துச் சொன்னா கழட்டி வச்சுட்டுத்தான் உக்காருவேன்" என்றான். "இன்னிக்கு நீயாச்சேன்னு விட்டுட்டேன்."

ஐந்துக்குப் பத்து நிமிடம் முன்பு வேலை போய்ச் சேர்ந்தது என்பது வேறு விஷயம். அவன் அதைச் சொன்னபோது நான் அந்த டிஸ்க்கை மடியில் அணைத்துக்கொண்டு, அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்தி அழுதேன். அவனுக்குக் கேட்காமல் இருக்குமா?