குட்டியானையில் போன சிங்க நாற்காலி

எங்கள் பூந்தமல்லிச் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால், எனக்குப் பிரசங்கம் முடிந்த பிறகுதான் பண்டிகை. அவரவர் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணி, வாழைத்தார், சேவல், கேக் எல்லாவற்றையும் மரத்தடியில் வைத்து ஏலம் விடுவார்கள். கொடுத்தவரே திரும்ப எடுப்பதும் உண்டு. தன் வீட்டுச் சேவலைத் தானே மல்லுக்கட்டி ஏலத்தில் எடுத்துப் பெருமையாகத் தூக்கிப் போகிறவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் அப்பா சிங்க நாற்காலியைக் காணிக்கையாகக் கொடுத்தார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ஓக் மரத்து நாற்காலி அது. ஊர் திரும்பிய ஒரு துரையின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது தாத்தாவின் அப்பா எடுத்தாராம். கைப்பிடி முனைகளில் சிங்கத் தலை. தூக்க இரண்டு ஆள் வேண்டும். சின்ன வயதில் அப்பாவும் பெரியப்பாவும் அதில் ஒன்றாக நெருக்கியடித்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார்களாம். பாகப்பிரிவினையில் அது எங்களுக்கு வந்தது. அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு பாரிவாக்கம் போன பெரியப்பா, அப்புறம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

நாற்காலியைக் கொண்டுபோய் அண்ணன் வீட்டில் இறக்க அப்பாவுக்கு ஆசைதான், வீம்பு விடவில்லை. ஏலத்துக்குக் கொடுத்தால் அண்ணன் எடுத்துக்கொள்வார், யாரும் யாரிடமும் இறங்கிப் போக வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார். இதெல்லாம் அம்மா பல வருடம் கழித்துச் சொன்னது. அன்றைக்கு என் கண்ணில் பட்டதெல்லாம் சர்ச் கேட்டுக்கு வெளியே காலியாக நின்ற குட்டியானை என்கிற ஒரு சின்ன லோடு வண்டிதான். எப்படியாவது அதில் ஏறிவிட வேண்டும்.

டிரைவரிடம் கேட்டேன். "உங்க பெரீப்பா இட்டாந்த வண்டி பாப்பா. இன்னாவோ பெரிய நாற்காலி ஏத்தணுமாம். அவரையே கேளு" என்றார்.

பெரியப்பா கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். அந்த நேரம் நாற்காலி ஏலத்துக்கு வந்தது. அப்பா அதன் பக்கத்தில் போய், சிங்கத் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிரியப்போகிறதே என்று வைத்த கை அது. நான் பெரியப்பாவின் சட்டையை இழுத்து, என்னை வண்டியில் ஏற்றச் சொன்னேன். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பனுக்கு அத்த உட மனசு வர்ல பாரு. அவனே எடுத்துகினு போவட்டும்" என்றவர், என் தலையைத் தடவிவிட்டு வெளியே போய்விட்டார். தம்பியோடு ஏலத்தில் போட்டி போட அவருக்கும் மனசு வரவில்லை.

பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் ஒரு விலை கேட்டார். ஒருதரம் என்றார்கள். அப்பா திரும்பித் திரும்பிக் கூட்டத்தின் கடைசியைப் பார்த்தார். ரெண்டுதரம். அண்ணனுக்கே வேண்டாம் என்றால் எனக்கு மட்டும் எதற்கு என்று தோன்றியிருக்கும், அவரும் விலை கேட்கவில்லை. மூன்றுதரம் சொல்லி முடித்துவிட்டார்கள். பெரியப்பா வேண்டாமென்று விட்டுப்போன அதே குட்டியானையில்தான் கடைக்காரர் நாற்காலியை ஏற்றிக்கொண்டு போனார்.

அன்றைக்கு எனக்கு வெறும் கோபம்தான். வீடு திரும்பும்போது, பைக்கின் பின்னால் உட்கார்ந்து புகார் சொன்னேன். "அந்தக் குட்டியான நம்ம நாற்காலிய ஏத்தத்தான் பெரீப்பா இட்டாந்தாராம்பா. என்ன ஒரு ரவுண்டு கூட ஏத்தல."

அப்பா பைக்கை ஓரங்கட்டினார். இஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல், முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பஸ்ஸும் லாரியும் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. இந்த வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடுவரை நடக்க வேண்டுமே என்று எனக்குக் கவலையாக இருந்தது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.