முழங்காலைத் தட்டியவர்

எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில் குடியுரிமை நேர்காணலுக்காகப் பெஞ்சில் காத்திருந்தேன். என் முழங்கால் தையல் மிஷின்போல ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில், அதே ஊரின் சிலிபின் பகுதியில் டியூஷன் நடத்தும் பௌதிக வாத்தியார். ஒல்லி உடம்பு, கழுத்துவரை பொத்தான். ஆடும் எதையும் அவர் சும்மா விடமாட்டார். கதவில் தொங்கி ஆடிய பலகையை நிறுத்திவிட்டு வந்து, என் முழங்கால் எழும்போதெல்லாம் ஒரு விரலால் தட்டினார். கால் அடங்கியது.

"இப்படித்தான்ணே. தூசி அளவு கண்ணாடிகூட சூட்டுல ஆடிக்கிட்டே இருக்கும். வெளிச்சத்தால அத எதிர்த்துத் தள்ளுனா ஆட்டம் கொறையும், குளுந்துரும். அதப் படிக்க வெளிநாட்டுல எடம் கெடச்சிருக்கு. குடியுரிமைக்கான நீல அட்டை கெடச்சாத்தான் பாஸ்போர்ட்."

"ஆட்டம் முழுசா நின்னுருமா?"

"நிக்காது லா. கடைசியா ஒரு துளி மிஞ்சும். அத யாராலயும் எடுக்க முடியாது."

இருவரையும் சேர்த்தே உள்ளே அழைத்தார்கள். குடியுரிமை கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி மலாயில் கேட்டார். நான் பயத்தில், "இங்கேயே செத்துப்போவேன், துவான்" என்று உளறினேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வாத்தியார் உண்மையைச் சொன்னார். போகிறவனுக்கு எதற்கு நீல அட்டை என்று அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்தபோது கதவுப் பலகை மறுபடியும் ஆடிக்கொண்டிருந்தது. வாத்தியார் அதைத் தொடாமல் கடந்து போனார்.

சொன்ன வாக்கை நான் இன்னும் நிறைவேற்றவில்லை, உயிரோடுதான் இருக்கிறேன். அலுவலகக் கதவைக் கண்டால் மட்டும் முழங்கால் ஒரு துளி ஆடுகிறது. அவரே வந்து தட்டினாலும் அது நிற்காது.