செல்வி வாசித்த மாயக்கதை

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் கதைகளுக்குக் குறை சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் கனகராயன்குளத்துக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை செல்வி. அவள் எங்கள் வாசலில் நின்று, உள்ளே இருக்கும் என் மகளுக்கு ஒரு மாயக்கதைப் புத்தகத்தை வாசிப்பாள். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், அவர்கள் கூலிக்கு வந்தவர்கள் என்ற எண்ணத்தில் அவளை உள்ளே வரச் சொன்னதேயில்லை. ஆனால் குசினியில் சமைத்தபடியே கதை கேட்பேன்.

அன்று வாசித்த கதையில், சூனியக்காரி கல்லாக்கிவிட்ட தோழியை மீட்க ஒருத்தி தன் மந்திர சக்தி முழுவதையும் கொடுத்தாள்.

"விசரி! சினேகிதிக்காக ஆரும் உள்ள சக்தியெல்லாத்தையும் குடுப்பினமோ?" என்றேன்.

"அம்மாவுக்குச் சூனியக்காரியைத்தான் பிடிக்கும்" என்று மகள் சிரித்தாள்.

திடீரென்று மழை கொட்டியது. செல்வி புத்தகத்தை மட்டும் அவசரமாக மகளிடம் நீட்டினாள்.

"புஸ்தகம் நனைஞ்சிரும். நீ வாசி, நான் இங்கனயே நின்னு கேக்கிறேன்."

"உள்ளுக்கு வா பிள்ளை" என்றேன்.

அவள் நனைந்தபடி என்னைப் பார்த்தாள். "நானாங்கம்மா?"

தலை துவட்டத் துவாயைக் கொடுத்துக் கதிரையில் இருத்தினேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, அன்றும் கேட்கவில்லை. மிச்சக் கதையை அவளே வாசித்தாள். அது எப்படி முடிந்ததென்று எனக்குத் தெரியாது. அவள் கேட்ட அந்த ஒரு சொல்லைத் தாண்டி என் காதில் எதுவும் விழவில்லை.