நான்காம் அத்தியாயத்தின் ஒரு வரி

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்க வேண்டிய கேள்விகளைத் தேர்வுக்கு நிற்பவரே துண்டுச் சீட்டில் எழுதித் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுவார். அவர்களும் அப்போதுதான் தோன்றியதுபோல எழுந்து கேட்பார்கள். பிறகு எல்லோருக்கும் பிரியாணி. வருஷக்கணக்காக இதைக் கிண்டல் செய்த நானே, என் முறை வந்தபோது ஆறு சீட்டு எழுதினேன்.

திருமயத்திலிருந்து தினமும் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்ப் பாடம் நடத்திக்கொண்டே எட்டு வருஷம் செய்த கணித ஆய்வு. ஹில்பர்ட் வெளியில் ஒரு வரம்புள்ள செயலி எப்போது தன்னிணைச் செயலி ஆகும் என்பதுதான் விஷயம். செயலி என்றால் ஒரு திசையனை இன்னொரு திசையனாக மாற்றும் விதி; இரண்டு திசையன்களைச் சேர்த்து ஓர் எண்ணைத் தருவது உட்பெருக்கம். உட்பெருக்கத்தில் ஒரு பக்கம் நிற்கும் செயலியை மறுபக்கம் தள்ளினால் பொதுவாக அது வேறொன்றாகிவிடும். தள்ளியும் மாறாவிட்டால் தன்னிணை. கலப்பெண் வெளியில் இதற்கு எளிய சோதனை இருக்கிறது: எந்தத் திசையனை எடுத்தாலும், அதற்கும் செயலி அதை மாற்றித் தரும் திசையனுக்கும் உள்ள உட்பெருக்கம் மெய்யெண்ணாக வந்தால் போதும்.

ஐந்து சீட்டும் ஒழுங்காக முடிந்தன. ஆறாவது, என்னோடு பஸ்ஸில் வரும் இயற்பியல் துறை ஆசிரியையிடம் இருந்தது. அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

"மேடம், எல்லாத்துக்கும் கலப்பெண் வெளின்னே சொல்றீங்க. மெய்யெண் வெளியா இருந்தா என்னாகும்ங்க?"

அதற்கு என் நான்காம் அத்தியாயத்தில் ஒரே வரியில் பதில் இருந்தது: 'இதே நிரூபணம் மெய்யெண் வெளிக்கும் பொருந்தும்.' அதைச் சொல்லிக்கொண்டே பலகையில் திசையனாக ஓர் அம்புக்குறி போட்டேன். அதை இடப்பக்கம் கால் சுற்றுத் திருப்பி இன்னொன்று போட்டேன். இரண்டும் செங்குத்து; உட்பெருக்கம் பூஜ்யம். எந்த அம்பை எடுத்தாலும் பூஜ்யம்தான், அதுவும் மெய்யெண்தான். ஆனால் இந்தத் திருப்பல் என்னும் செயலியை மறுபக்கம் தள்ளினால் அது வலப்பக்கத் திருப்பல் ஆகிவிடுகிறது. சோதனையில் தேறிய செயலி தன்னிணை இல்லை! மெய்யெண் வெளியில் வேறு எண் வரவே வழியில்லை. பரீட்சை வைக்காமலே எல்லோரையும் பாஸ் போட்டிருக்கிறேன்.

யாரும் கவனிக்கவில்லை. வெளியூர்த் தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையை அழித்திருந்தால் அன்றே பட்டம். என் முட்டாள்தனத்தின் மேல் வந்த கோபத்தில்தான் வாய் திறந்தது.

"நாலாவது அத்தியாயம் தப்பு சார்."

என் நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். தேர்வாளர் பலகையைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"திருத்திட்டு வாங்கம்மா. இன்னிக்கு நான் கையெழுத்துப் போடல."

எல்லோரும் பிரியாணியைச் சாப்பிட்டுக் கிளம்பினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் இயற்பியல்காரர் கண்ணைத் துடைத்தபடியே வந்தார். "என்னாலதானே மேடம்? எனக்கு நெசமாவே தெரியலைங்க, அதான் கேட்டுட்டேன்."

"அழாதீங்க. எட்டு வருஷத்துல என் கணக்கைத் தெரிஞ்சுக்கணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது.