மைனஸ் எண்பதில் புரோமின் சேரும் இடம்

2024 பிப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கள்ளக்குறிச்சியில் காற்றே இல்லை. மாடித் தரை பனியில் நனைந்திருந்தது. கல்வராயன் மலையிலுள்ள ஒரு உண்டு உறைவிடப் பள்ளிக்கு நான் எழுதிக் கொடுத்த வேதியியல் வினா-விடைக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அறுபத்து நான்கு பக்கம். இருபத்து மூன்றாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

பியூட்டா-1,3-டையீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு மைனஸ் எண்பது டிகிரியில் வினைபுரிந்தால் முதன்மையாகக் கிடைப்பது எது என்பது கேள்வி. புரோமின் நான்காம் கார்பனில் சேரும் என்று எழுதியிருந்தேன். அது சூட்டில் நடப்பது. குளிரில் பெரும்பாலும் இரண்டாம் கார்பனில்தான் சேரும். முப்பத்தொரு வருடம் இதே பாடத்தை நடத்தியவன் நான்.

பிரதிகள் நாற்பத்திரண்டு, பதினொன்றாம் வகுப்புப் பெண்களும் நாற்பத்திரண்டு பேர். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. கையேட்டில் இருப்பதைக் கமா உட்பட மனப்பாடம் செய்கிற பிள்ளைகள். திருத்தத்தை நகலெடுத்து நாற்பத்திரண்டு துண்டுகளாக நறுக்கிக்கொண்டு வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினேன். மலைப்பாதையில் வளைவுகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். எண்ணிக்கை எனக்கு அப்படி விட்டுப்போவதில்லை.

வேதியியல் ஆசிரியை என்னை வகுப்புக்கு அறிமுகப்படுத்திவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "வரிய மட்டும் மாத்தச் சொல்லிட்டுப் போங்க சார். காரணம் சொன்னா பொண்ணுங்க குழம்பிடுவாங்க."

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "நாலு தபா எழுதிப் பாத்து மனப்பாடம் பண்ணிக்கினு இருக்கோம் சார். இப்ப வந்து இல்லன்றீங்க. இன்னாத்த நம்பறது?"

அவளுக்காகக் காரணத்தையும் சொன்னேன். ஹைட்ரஜன் ஓரத்துக் கார்பனில் சேர்ந்ததும் உண்டாகும் நேர்மின்சுமை ஓரிடத்தில் நிற்பதில்லை. உடனிசைவால் இரண்டாம் கார்பனும் நான்காம் கார்பனும் அதை ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்கின்றன. புரோமின் இரண்டில் எதிலும் சேரலாம். இரண்டாம் இடம் அருகில் இருப்பதால் அங்கே சீக்கிரம் சேரும். குளிரில் அங்கேயே தங்கிவிடும். சூடு இருந்தால் பிரிந்து வந்து, கூடுதல் உறுதியான நான்காம் இடத்துக்குப் போகும்.

"எங்கூட்டு ஆடு மாரி சார்," என்றாள் அவள். "குளுருல கிட்ட இருக்கற எடத்துல சுருண்டுக்கும். வெயிலு ஏறுனா எழுந்து நல்ல எடமா பாத்துப் போவும்."

"உங்கூட்டு ஆட்டுக்கு மைனஸ் எண்பதெல்லாம் தெரியுமாடி?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆட்டுக்காரி சொன்னது சரி.

நாற்பத்தொரு துண்டுகளை ஒட்டினோம். ஒன்று மிஞ்சியது. அன்று வராத ஒருத்தியுடையது. அவளை வீட்டில் மிளகு பறிக்கக் கேரளத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள், தேர்வுக்குத்தான் திரும்புவாளாம். அவள் அப்பாவின் எண்ணுக்குப் பதினேழு முறை அழைத்தேன். ஒருமுறையும் கிடைக்கவில்லை.

வேதியியல் தேர்வன்று மறுபடி மலையேறினேன். மற்றவர்கள் உள்ளே போன பிறகு, ஜீப்பிலிருந்து இறங்கி ஒருத்தி ஓடி வந்தாள். கையில் என் கையேடு. துண்டை நீட்டினேன். "இருபத்து மூன்றாம் பக்கம் தப்பும்மா. இதுதான் சரி." வாங்கிப் பார்த்தாள். மணி அடித்தது. துண்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

தேர்வு முடியும் ஒன்றேகால் வரை பள்ளி வாசலிலேயே நின்றேன். அந்தக் கேள்வி வந்திருந்தது. மூன்று மதிப்பெண்.

"என்னம்மா எழுதினே?"

"புக்குல இருந்ததத்தான். மொளவுத் தோட்டத்துலகூட அதத்தான் கையில வெச்சிக்கினு இருந்தேன். வாசல்ல நிக்கற ஒரு தாத்தா சீட்டக் குடுத்துத் தப்புன்னா எப்டி நம்பறது?"

"அந்தப் புத்தகத்தை எழுதினவனே நான்தாம்மா."

என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். "அத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?"

சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். தப்பு என்னுடையது என்று ஒரு சிறு பெண்ணிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவளுக்குப் போனது மூன்று மதிப்பெண். எனக்கு, நான்கு பேருந்துச் சீட்டு, நகல், பசை எல்லாம் சேர்த்து, இருநூற்று நான்கு ரூபாய்.